உனாமுனோ: மொழியைத் துறக்கச் சொன்ன பாஸ்கியர்

1864இல் பில்பாவோவில் பிறந்த மிகுவெல் தே உனாமுனோ, ஒன்பது வயதில் அந்நகரின் முற்றுகையைக் கண்டார். உள்நாட்டுப் போர் அவருக்குப் புத்தகச் செய்தியன்று. இல்லத்து மொழி ஸ்பானியம். பாஸ்கு மொழியோ முயன்று கற்றது. 1888இல் அம்மொழியின் ஆசிரியர் பணியை நாடினார். பின்னாளில் பாஸ்குத் தேசியத்தை நிறுவிய சபினோ அரானாவும் அதே பணியை நாடினார். இருவருக்கும் கிட்டவில்லை.

சலமன்கா சென்று கிரேக்கம் பயிற்றிய உனாமுனோ, 1901இல் பில்பாவோ விழாவொன்றில், பாஸ்கு மொழி மாண்டொழியட்டும் என்ற பொருள்படப் பேசி ஊராரின் சினத்துக்கு ஆளானார். தாய்மொழி அபிமானிகளான நமக்கு இது கசக்கும். எனினும் அவர் வாழ்வு அங்கே முடியவில்லை.

1936இல் இராணுவக் கிளர்ச்சியை முதலில் ஆதரித்தார். நண்பர்கள் சுடப்பட்டனர்; மனம் மாறியது. அக்டோபர் 12 அன்று பல்கலைக்கழக விழாவில் ஒரு பேராசிரியர் பாஸ்கியரையும் கட்டலானியரையும் இழித்துரைத்தார். தலைமை வகித்த உனாமுனோ எழுந்து, தாம் பாஸ்கியரென்றும், அருகமர்ந்த ஆயர் கட்டலானியரென்றும் நினைவூட்டினார். அன்றைய பேச்சைப் பிற்காலத்தார் வெகுவாக மெருகேற்றிவிட்டனர். ஆனால் தளபதி மில்லான் அஸ்த்ராய் வெகுண்டு கூச்சலிட்டது உண்மை. துணைவேந்தர் பதவி பறிபோயிற்று. வீட்டிலேயே அடைபட்டிருந்தவர் டிசம்பர் 31 அன்று மறைந்தார். அவர் உடலைச் சுமந்து சென்றவர்கள் ஃபலாங்கே கட்சியினர்.