வள்ளலார் நடந்த வழியில் முதியோர் பசி

வள்ளலார் என்றதும் பலருக்கும் வடலூரும் தைப்பூச ஜோதியும் நினைவுக்கு வரும். திருவொற்றியூரில் நெடுங்காலமாக வசிக்கும் எனக்கோ அவர் முதலில் வடசென்னைக்காரர்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த இராமலிங்கம், கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இராமையாவை இழந்தார். தாய் சின்னம்மையார் பிள்ளைகளுடன் பொன்னேரிப் பக்கம் உள்ள தம் பிறந்த ஊருக்கும், பின்னர் சென்னைக்கும் வந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடும்பம் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவாற்றிக் குடும்பத்தைக் காத்தார். தம்பிக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சினந்து, அவருக்குச் சோறிடக் கூடாது என்று ஒரு கட்டத்தில் தடுத்ததாகவும், அண்ணியார் மறைவாக அன்னமிட்டதாகவும் வரலாறு எழுதியோர் சொல்வர். பிற்காலத்தில் பசியைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்திதான் முன்னே வந்து நிற்கும்.

இளமையிலேயே அவர் கந்தகோட்டத்தில் பாடினார். அதன் பின் பல ஆண்டுகள் திருவொற்றியூருக்கு நடந்து வந்து தியாகராசரையும் வடிவுடையம்மனையும் வழிபட்டார். இரவு நேரம் கழித்து வீடு திரும்பிய ஒரு நாள், கதவு தாழிட்டிருக்க, யாரையும் எழுப்பாமல் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து அன்னமிட்டாள் என்பது எங்கள் ஊர் மரபு. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கதையின் முற்பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை என்பதே என் குறை. பசித்தவர் கதவைத் தட்டவில்லை.

1858 வாக்கில் அவர் சென்னையை விட்டுத் தென்திசை சென்று கருங்குழியில் தங்கினார். ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் 1866இல் கடும் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை அளித்தனர். சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் கேளாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு உணவிடுவது சாலையின் முறை. அன்று மூட்டிய அடுப்பு அணைந்ததில்லை என்கிறார்கள். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அப்போது வயது ஐம்பது. தாதுவருடப் பஞ்சம் வந்தது அதன் பின்னர்தான்.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், பசி உடலையும் உள்ளத்தையும் என்ன செய்கிறது என்பதை ஒரு மருத்துவரின் நிதானத்தோடு அவர் வரிசைப்படுத்துகிறார். பார்வை குழிகிறது, காது அடைக்கிறது, நா உலர்கிறது, கைகால் சோர்கின்றன, அறிவும் நினைவும் மயங்குகின்றன. அந்தப் பகுதியைத் தலைப்பில்லாமல் ஒருவரிடம் கொடுத்தால், முதுமையைப் பற்றிய குறிப்பு என்றே எண்ணிக்கொள்வார். நம் வீடுகளிலும் இந்தத் தவறுதான் நடக்கிறது. பாட்டி மெலிந்தால் வயதாகிவிட்டது என்கிறோம். தாத்தா தடுமாறி விழுந்தாலும், பேச்சைக் குறைத்துக்கொண்டாலும் அதே விடைதான். அவர் கடைசியாக எப்போது வயிறார உண்டார் என்று கேட்பதில்லை. 2017-18இல் நடந்த இந்திய முதியோர் நல ஆய்வின்படி, அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 27 விழுக்காட்டினர் உரிய எடையை விடக் குறைவாக இருக்கிறார்கள்.

பல் போனவருக்குச் சோறும் பொரியலும் மெல்ல இயலாது. தொடர்ந்து உண்ணும் மருந்துகள் நாவின் சுவையைக் கெடுக்கும். தனியாக இருப்பவருக்கு ஒருத்திக்காகவா அடுப்பு மூட்டுவது என்ற சலிப்பு. காசிமேட்டில் வலையோடு வாழ்ந்தவர்களிலும், எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைத்தவர்களிலும் ஓய்வூதியம் இல்லாதவர் ஏராளம். அரசின் முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் கிடைத்தால், அதிலும் மாத்திரைச் செலவு முந்திக்கொள்கிறது. 1983 முதல் சத்துணவு மையங்களில் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் மதிய உணவு உண்டு. ஆனால் அங்கே நடந்து செல்லக் கால் வேண்டும்.

அறச்செயலில் வடசென்னைக்குக் குறைவில்லை. ஹைதர் அலி போர்க்காலப் பஞ்சத்தில், 1782இல், இராயபுரத்தில் எழுந்த கஞ்சித்தொட்டி பின்னர் மணியகாரர் சத்திரம் ஆயிற்று. அதனோடு சேர்ந்து வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி. இன்றும் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். சத்திரம் முதியோர் இல்லமாகத் தொடர்கிறது. இராமலிங்கர் ஏழுகிணற்றில் வாழ்ந்த நாள்களிலும் அது அருகில்தான் இருந்தது.

இன்று எங்கள் பகுதியில் அன்னதானம் பெரும்பாலும் நாள் பார்த்து நடக்கிறது. பிறந்தநாள், நினைவுநாள், ஆடி வெள்ளி ஆகிய நாள்களில் ஒரே முதியோர் இல்லத்துக்கு மூன்று அண்டா பிரியாணி வந்துவிடும்; அடுத்த செவ்வாய்க்கிழமை எதுவும் வராது. எழுபத்தைந்து வயது உடலுக்குத் தேவையானது நாள்தோறும் குழைந்த சோறு, பருப்பு, முட்டை அல்லது பால். தருமச்சாலை நாள் பார்ப்பதில்லை. வடலூரின் பெயரால் அன்னமிடும் அமைப்புகள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த நடைமுறையைத்தான் என்று கருதுகிறேன்.

இன்னொன்று, பரிமாறும் இடம். வரிசையில் வந்து தட்டு நீட்டுபவருக்கு உணவு கிடைத்துவிடுகிறது. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சாப்பிட்டவர்கள், குறிப்பாக மூதாட்டிகள், தெரிந்தவர் கண்ணில் படுமாறு அந்த வரிசையில் நிற்கமாட்டார்கள். மாடிப்படி இறங்க முடியாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு தெருவுக்கு ஓர் இளைஞர், ஒரு தூக்குச்சட்டி, குறித்த நேரம் என்றிருந்தால், உணவோடு அவர் நேற்றையதை உண்டாரா என்ற செய்தியும் திரும்பி வரும். சட்டி நிறைந்தபடியே திரும்பினால், அடுத்து அழைக்க வேண்டியவர் மருத்துவர்.