வான்காற்றை அளந்த வித்தகர்

நாம் வாழும் உலகைச் சூழ்ந்த காற்றில் ஓசோன் என்னும் வாயு மிகச் சிறிதளவே உள்ளது. அதனை முழுதும் திரட்டித் தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே இருக்கும். ஆயினும், கதிரவனின் கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது அவ்வாயுவே. அதனை ஆராய்ந்த பேரறிஞர் கே. ஆர். இராமநாதன் ஆவார்.

இவர் 1893ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், 1914இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியேற்றார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. திருவனந்தபுரமே அவ்வரசின் தலைநகர். அங்கு இவர் இடிமழையை ஆராய்ந்தார். பின்னர்க் கல்கத்தா சென்று சி. வி. இராமனிடம் பயிற்சி பெற்று, 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். 1948இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

1929இல் கோட்ஸ் என்னும் அறிஞர், வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் ஆய்வு நடத்தினார். கதிரவன் தாழுங்கால் உச்சி வானத்து ஒளியில் ஒரு மாறுதலைக் கண்டார். அதனைக் கொண்டு, ஓசோன் எவ்வுயரத்தில் எவ்வளவு உள்ளதெனத் தரையில் நின்றவாறே கணிக்கலாம். அக்கணிப்பு முறையை இராமநாதனும் அவருடன் ஆய்ந்த தவே என்பாரும் 1957இல் செம்மைப்படுத்தினர்.

1984 டிசம்பர் 31இல் இராமநாதன் மறைந்தார். அடுத்த ஆண்டே, தென்துருவத்தின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்துவருவதை உலகம் அறிந்தது. குளிர்பதனப் பெட்டி முதலியவற்றில் பயன்பட்ட சில வாயுக்களே அதற்குக் காரணம். நாள்தோறும் அயராது அளந்து குறித்துவைத்தோர் இலரேல், அக்கேடு அன்று வெளிப்பட்டிராது. அவ்வாயுக்களை ஒழிக்க 1987இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. பொறுமையுடன் அளந்தறிவதும் உயிர்க்குலத்திற்குச் செய்யும் தொண்டே என்பதற்கு இராமநாதன் வாழ்வு சான்றாக விளங்குகின்றது.