சுண்டிக்குளி முத்தையாவின் விசைகளும் பதுளையில் திறக்க மறுக்கும் கோப்புகளும்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப்படும் ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 பெப்ரவரி 24ஆம் திகதி பிறந்தார். 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். பிறகு சிங்கப்பூரில் கம்பனி உத்தியோகம். என் முன்னோர் ஊவா மலைகளுக்கு வந்ததும் கடல் தாண்டித்தான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது கொழுந்துக் கூடை, அவருக்குக் கிடைத்தது மேசை. அந்த மேசைகளில் ஆங்கிலத் தட்டச்சுப்பொறிகள் இருந்தன. தமிழுக்கு ஒன்று ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

தமிழ் எழுத்துகள் 247. பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். முத்தையா எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தார். கொம்புக்கும் அரவுக்கும் தனித்தனி விசைகள். புள்ளி போன்றவற்றுக்கு நகரா விசை: அதை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது, அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். ஆகவே புள்ளி முதலில், எழுத்து பிறகு. ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவருக்காகப் பொறிகளைச் செய்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 பெப்ரவரியில் அந்த நிறுவனத்தின் ஊரான டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. விசை வரிசை தப்பியது. பின்னாளில் சிறு மாற்றங்களோடு நியமமான தமிழ் விசைப்பலகைக்கு அடிப்படை அவருடையதுதான்.

இது பழங்கதையல்ல. கணினி வந்தபோது இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட பாமினி எழுத்துரு, அதே ய, ள, ன, க வரிசையில் அமைந்தது. தட்டச்சுப் பழகிய விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. புள்ளி போன்றவை மட்டும் எழுத்துக்குப் பின்னால் போயின. மென்பொருள்காரர்கள் பின்னிசைவு என்பது இதைத்தான்: புதியது வந்தாலும் பழைய பழக்கம் உடையாமல் பார்த்துக்கொள்வது.

உடைந்தது வேறிடத்தில். பாமினி தமிழைச் சேமிக்கவே இல்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். ஒருங்குறி வந்தபின் பாமினி மெல்ல வழக்கொழிந்தது. ஒருங்குறி ஒருமுறை ஏற்ற எழுத்தைப் பிறகு நீக்குவதில்லை என்று உறுதி தருகிறது. பாமினியில் எழுதியவர்களுக்கு அப்படியொரு உறுதியை யாரும் தரவில்லை.

1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். இப்படியான நாட்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் மக்கள் சொன்னவற்றில் ஒரு பகுதி பாமினியில் தட்டப்பட்டு இறுவட்டுகளில் கிடக்கிறது. நான் சேகரித்துவருவது அவற்றைத்தான். என் தாத்தா பசறைத் தோட்டத்திலிருந்து பிரஜாவுரிமைக்காகத் தமிழில் தட்டச்சுச் செய்து அனுப்பிய மனுவின் பிரதியை இன்றும் யாரும் படிக்கலாம். அதற்குப் பல்லாண்டுகள் பின்னால் வந்த கோப்பு திறப்பதில்லை. எரிச்சலூட்டும் விசித்திரம்.

மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் அச்சில் ‘ர்’, ‘ரி’ இரண்டையும் காலில்லாத ரகரத்தால் போடும் பழைய வழக்கம் இருந்தது. பாமினி அதை அப்படியே எடுத்துக்கொண்டதால், ‘யார்’ என்று எழுத அரவு விசையையே இரண்டுமுறை தட்டிப் புள்ளி வைக்க வேண்டும். இதை அறியாத கருவி ரகரத்துக்குப் பதில் இன்னொரு அரவைப் போட்டுப் புள்ளி வைத்துவிடும். கண்ணுக்குப் பிழை தெரியாது. தேடினால்தான் தெரியும்: ‘குமார்’ என்று தட்டினால் அந்தக் கோப்பிலுள்ள எந்தக் குமாரும் அகப்படமாட்டார். காணாமல்போன மகனின் பெயரைத் தேடும் தாய்க்கு, அவன் பட்டியலிலும் இல்லை என்று கணினி சொல்லும்.

திருத்தம் சிறியதுதான். தமிழில் அரவின்மேல் புள்ளி ஒருபோதும் வராது. எனவே அரவைத் தொடர்ந்து புள்ளி வந்தால் ‘ர்’, இகரக் குறி வந்தால் ‘ரி’ என்ற விதிகளை மற்ற விதிகளுக்கு முன்னால் ஓடவிட வேண்டும். அதன்பிறகும் மூலக் கோப்பை நான் அழிப்பதில்லை. மாற்றிய பிரதியும், மூலமும், பாமினி எழுத்துருவும் ஒரே உறையில் இருக்கின்றன; மேலே தேதியும் தோட்டத்தின் பெயரும்.