சிறு போர் வகுத்த வெல்ஸ்

எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரைக் கல்லூரி மாணவருள் அறியாதார் சிலரே. காலயந்திரத்தையும், செவ்வாய் மண்டலத்தார் பூமியின்மீது படையெடுத்தலையும் கற்பனை செய்தவர் அவர். அப்பேரறிஞர் ஈயப் பொம்மைச் சிப்பாய்களோடு தரையில் தவழ்ந்து விளையாடியதும், அவ்விளையாட்டிற்கு விதிகள் வகுத்ததும் பலரும் அறியாதன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதி, அக்காலத்தே கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பிராம்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சிறு கடை நடத்தியவர். கிரிக்கெட் பந்தாட்டத்திலும் வல்லவர். தாயார் செல்வர் மாளிகையிற் பணிபுரிந்தவர். ஏழாம் வயதிற் கால் முறிந்து படுக்கையிற் கிடந்த காலத்தே வெல்ஸுக்கு நூற்பயிற்சியில் வேட்கை பிறந்தது. பின்னர்த் துணிக்கடையொன்றிற் தொழில் பழக விடப்பட்டார். அதனை வெறுத்து வெளியேறினார். உபகாரச் சம்பளம் பெற்று, 1884-இல் லண்டன் மாநகரஞ் சென்று, ஹக்ஸ்லி என்னும் பேராசிரியரிடம் உயிர்நூல் பயின்றார். 1895-இல் வெளிவந்த காலயந்திரக் கதை அவர் புகழை நாட்டிற்று.

அவருக்கு மனைவி ஜேன் வயிற்றிற் பிறந்த புதல்வர் இருவர். அவர்களோடு மரக்கட்டைகளாலும் பொம்மைகளாலும் தரையில் ஊர்கள் சமைத்து ஆடிய ஆட்டங்களை 1911-இல் ஒரு நூலாக எழுதினார். மரக்குண்டைத் தெறிக்கும் வில்லமைந்த சிறு பீரங்கி அக்காலத்தே கடைகளிற் கிடைத்தது. ஒருநாள் உணவிற்குப்பின், ஜெரோம் கே. ஜெரோம் என்னும் எழுத்தாளர் அதனை எடுத்துக் குறிபார்த்து ஒரு பொம்மைச் சிப்பாயை வீழ்த்தித் தம் திறமையை மெச்சிக்கொண்டார். உடனே போட்டி மூண்டது. விளையாட்டும் பிறந்தது.

முதலில் வெறுஞ் சுடுதலே ஆட்டமாயிருந்தது. அது சலித்தபோது, கலைக்களஞ்சியத்தின் தடித்த புத்தகங்களைக் கம்பளத்தின்மேற் பரப்பி மேடுபள்ளங்கள் அமைத்தனர். படைகள் முறைவைத்து நகரலாயின. காலாட்படை ஓரடியும் குதிரைப்படை ஈரடியும் செல்லலாம் என்று வரையறுத்தனர். ஒருவர் நெடுநேரம் யோசித்து நிற்க மற்றவர் சோர்ந்திருந்தார்; ஆதலின் கடிகாரம் வைத்துக் கால எல்லை விதித்தனர். பீரங்கியொன்று செயற்படவேண்டுமாயின், அதன் பக்கத்தே ஆறு அங்குலத்திற்குள் நான்கு வீரரேனும் நிற்றல் வேண்டும் என்றனர். ஒவ்வொரு குறையும் ஒரு விதியாயிற்று. இவ்வாறு வளர்ந்த விதிகளை வெல்ஸ் 1913-இற் சிறு போர்கள் என்னும் நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் நோக்கம் போரைப் புகழ்வதன்று. பொம்மைப் போரை நடத்துவோர் மெய்ப் போரின் அறியாமையையும் அழிவையும் உணர்ந்து அதனை வெறுப்பர் என்று வெல்ஸ் வாதித்தார். ஐயோ! மறு ஆண்டே ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டது. அப்போர் இனிப் போர்களுக்கே முடிவு செய்யும் என நம்பி அவரும் அதனை ஆதரித்து எழுதினார். அந்நம்பிக்கை பொய்த்தது. அதன்பின் உலக மக்கள் யாவரும் ஓர் ஆட்சியின்கீழ் ஒன்றுபடல் வேண்டுமென்றும், மனிதர்க்குரிய உரிமைகள் சட்டமாதல் வேண்டுமென்றும் இறுதிவரை எழுதினார். இரண்டாம் உலகப்போரையுங் கண்டு, 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி லண்டனிற் காலமானார்.

அவர் விளையாட்டோ அவரோடு மாளவில்லை. பிரஷ்யப் படையினர் 1824 முதலே நடுவரும் பகடையும் உடைய போர்ப்பயிற்சி ஆட்டத்தைக் கையாண்டதுண்டு. வெல்ஸ் அத்தகைய ஆட்டத்தை வீட்டுக் கூடத்திற்குரியதாக்கினார். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஒருவர் படை முழுவதையும் நடத்துவதில்லை. ஒரே வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துப் பேசி ஆடுகின்றனர். பீரங்கியின் குறிக்கு மாறாகப் பகடை முடிவு கூறுகின்றது. வெல்ஸின் நூல் 2004-இல் மீண்டும் அச்சானபோது, கைகாக்ஸே அதற்கு முன்னுரை எழுதினார்.

மாணவ நண்பர்களே! நல்ல விதி ஒருநாளில் ஒருவர் சிந்தையிற் பிறப்பதன்று. ஆடுவோர் குறைகண்டு திருத்தத் திருத்த வளர்வது. ஆயினும் விதி எத்துணைச் செம்மையாயினும் மாந்தர் மனத்தைத் தானே மாற்றிவிடாது. இவ்விரண்டனையும் வெல்ஸின் வாழ்க்கை நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றது.