வானலை ஆய்ந்த வங்கப் பேராசிரியர்

இரவு வேளையிற் பாண்டிருப்புக் கடலோரத்து வீடுகளிற் சிற்றலை வானொலி கேட்ட பெரியோர் ஒன்றை மறந்திருக்கமாட்டார்கள். தெளிவாய் வந்த குரல் திடீரெனத் தேயும், கரகரத்துத் திரியும், பின் மறுபடி ஓங்கும். நாமோ பெட்டியைத் தட்டுவோம். ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவோம். குற்றம் பெட்டியிலன்று, வானத்திலேயே இருந்தது. அவ்வானத்தை நம் அயல்நாட்டிலிருந்து ஆராய்ந்த முன்னோடியே பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா.

1890ஆம் ஆண்டு வங்காளக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஆசிரியர், தாயார் வைத்தியர். தந்தையார் நோயுற்று மறைந்தபின் தாயாரின் உழைப்பே குடும்பத்தைத் தாங்கியது. கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகம் கற்றபின், சர்வகலாசாலையிற் சி. வி. இராமனின் வழிகாட்டலில் ஒளியலைகளை ஆராய்ந்து 1919இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின் பிரான்சு சென்று, நான்சி நகரில் வானொலி வால்வுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1923இல் நாடு திரும்பி, கல்கத்தா சர்வகலாசாலையில் வானொலிக் கல்விக்கு வித்திட்டார்.

வானில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்திலும் அதற்கு மேலும் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவற்றிற்கு அயன மண்டலம் என்று பெயர். வானொலி அலை அங்கே பட்டுப் பூமிக்குத் திரும்புகிறது. ஒரு முறை பட்டுத் திரும்பிய அலையும் இரு முறை பட்டுத் திரும்பிய அலையும் நம் ஏரியலிற் சந்திக்கின்றன. இசைந்தால் ஒலி ஓங்கும், முரணினால் தேயும். குரலின் உயர்ந்த சுரங்களும் தாழ்ந்த சுரங்களும் ஒரே கணத்தில் தேய்வதில்லை. ஆதலால் குரல் திரிகிறது. ஒளியலைகள் கூடி வெளிச்சமும் இருளுமாவதைக் கண்ட மித்ராவுக்கு இவ்விதி புதியதன்று.

இங்கிலாந்தில் அப்பிள்டன் 1924இல் இவ்வடுக்கை அளந்தார். 1930இல் மித்ராவும் அவர் மாணவரும் வங்காளத்து வானிலேயே அதற்குச் சான்று கண்டனர். அயன மண்டலம் இடத்துக்கிடம் வேறுபடுவது. பிறர் அளந்த வானம் நமக்குப் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1947இல் வெளியான மேல் வளிமண்டலம் பற்றிய அவரது ஆங்கில நூல் உலக அறிஞர் கையாண்ட நூலாயிற்று. 1949இற் கல்கத்தாவில் வானொலிப் பௌதிகத்துக்கெனத் தனித் துறை எழுந்தது. 1958இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1963 ஓகஸ்ட் 13இல் மறைந்தார். சந்திரனில் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாலிப அன்பர்களே! குரல் கெட்டதும் பெட்டியைத் தட்டுவது எளிது. ஏன் கெட்டதென்று அண்ணாந்து பார்ப்பதே அறிவு. அப்பழக்கம் நம் ஊரிலும் வேரூன்றுக.