பேயுருவம் கேட்டு வாங்கிய பெண்: யார் இந்த காரைக்கால் அம்மையார்?

நடராஜர் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஒரு கையில் தீ, சுற்றிலும் தீச்சுடர் வளையம். பல கோயில்களில் அந்தக் காலடி ஓரமாக, எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவர்தான் காரைக்கால் அம்மையார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர், அதில் ஒருவர்.

மாம்பழத்தால் மாறிய வாழ்க்கை

காலம் சுமார் 6-ம் நூற்றாண்டு. கதையை விரிவாகச் சொல்வது 12-ம் நூற்றாண்டின் பெரியபுராணம். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள், பெயர் புனிதவதி. கணவர் பரமதத்தன் கொடுத்தனுப்பிய 2 மாம்பழங்களில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டில் கணவர் இரண்டாவதையும் கேட்க, வேண்டியதும் கையில் ஒரு பழம் வந்தது. நம்பாத கணவர் இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது, அவர் வாங்கியதும் மறைந்தது.

பரமதத்தன் மிரண்டுபோனார். வாணிபத்துக்குக் கப்பலேறியவர் வீடு திரும்பவே இல்லை. பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம். பிறந்த மகளுக்குப் புனிதவதின்னே பேர். உறவினர்கள் புனிதவதியை அங்கே அழைத்துப்போய் நிறுத்தியபோது, அவர் குடும்பத்தோடு காலில் விழுந்தார். கணவனே கும்பிட்ட பிறகு மனைவியாக எப்படி வாழ்வது? அவருக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம், பேயுருவம் போதும் என்று சிவனிடம் கேட்டு வாங்கினார் புனிதவதி.

திருவாலங்காடும் தீயும்

கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோனவரை சிவன் அம்மை என்று அழைத்து, தன் ஆடலைக் காண அனுப்பிய ஊர் திருத்தணி பக்கத்தில் உள்ள திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ரத்தின சபை. காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவத் தலம்.

ஆனா அம்மையார் பாட்டில் ரத்தினமும் இல்லை, பொன்னும் இல்லை. சுடுகாடு, பேய்கள், எரியும் பிணம். அந்த வெளிச்சத்தில்தான் ஆட்டத்தைப் பார்க்கிறார். அற்புதத் திருவந்தாதியில் ஒரு ஓவியருக்கு வரவேண்டிய சந்தேகம் அவருக்கு வருகிறது: தீ பட்டு உள்ளங்கை சிவந்ததா, இல்லை உள்ளங்கையின் அழகால் தீ சிவந்ததா? நடராஜர் கையில் உள்ள தீ அழித்தலின் அடையாளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விளக்கம். இவர் பார்ப்பது அதன் நிறத்தை.

கம்போடியா வரை

அவர் விட்ட அழகைச் சிற்பிகளும் திருப்பித் தரவில்லை. வற்றிய மார்பும் துருத்திய விலா எலும்புமாகவே வடித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராஜர் காலடியில் அப்படித்தான் இருக்கிறார். கடல் தாண்டி, கம்போடியாவின் 10-ம் நூற்றாண்டு பந்தே ஸ்ரீ கோயிலிலும் ஆடும் சிவன் பக்கத்தில் இருப்பது அம்மையார்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.