அடுப்பில் விழுந்த ரப்பர்

ஸ்வீடன் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் வீட்டில் இரண்டு செட் சக்கரங்கள் இருக்கும். கோடைக்கு ஒரு செட். குளிர்காலத்துக்கு ஒரு செட்.

இது பணக்காரர் ஆடம்பரம் அல்ல. அந்த நாட்டுச் சட்டம். டிசம்பர் 1-ந் தேதி முதல் மார்ச் 31-ந் தேதி வரை, சாலையில் பனி கிடந்தால், குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது.

கோடை டயருக்கு என்ன குறை?

ஸ்போர்ட்ஸ் காரின் கோடை டயர், சூடான சாலையை நன்றாகப் பிடிக்கும். வெப்பம் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் கெட்டிப்படத் தொடங்கும். பிடி தளரும். தண்ணீர் உறையும் குளிரில் காரை நகர்த்தினால், சில டயர்களில் வெடிப்புக்கூட விழும்.

ரப்பருக்கும் குளிருக்கும் அப்படி ஒரு பகை. பழைய பகை.

அந்தப் பகையைத் தீர்க்கப் புறப்பட்டார் ஒருவர். சொத்தை இழந்தார். ஜெயிலுக்குப் போனார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஆனாலும் விடவில்லை.

அவர்தான் சார்லஸ் குட்இயர்.

இரும்புக் கடை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூஹேவன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி சார்லஸ் பிறந்தார். தந்தை அமாசா, இரும்புச் சாமான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். மகனும் அதே தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1824-ல் கிளாரிசா என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண்டு கழித்து பிலடெல்பியா நகரில் இரும்புக் கடை வைத்தார். முதலில் வியாபாரம் நன்றாக நடந்தது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. 1830-ல் கடை நொடித்தது.

அந்தக் காலத்தில் கடனைக் கட்டாவிட்டால் ஜெயில். குட்இயர் ஜெயிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசிவரை அது அவரை விடவில்லை.

உருகிய செருப்பு

1834-ல் நியூயார்க் போனார். ஒரு ரப்பர் கம்பெனியின் கடையில், நீரில் மிதப்பதற்கான காற்றுப்பை ஒன்றைக் கண்டார். காற்று அடைக்கும் வாய் சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்து கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனார்.

கடை மானேஜர் வாயைப் பார்த்தார். பாராட்டினார். பிறகு உண்மையைச் சொன்னார். வாய் சரியாக இருந்து என்ன பயன்? ரப்பரே சரியில்லை!

அப்போது அமெரிக்காவில் ரப்பர் மோகம் பிடித்து ஆட்டிய நேரம். ரப்பர் செருப்பு, ரப்பர் கோட்டு, ரப்பர் தொப்பி என்று ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். குளிர்காலம் வந்தது. கோட்டு பலகைபோல விறைத்து நின்றது. கோடை வந்தது. செருப்பு வெல்லப்பாகுபோல உருகி ஒட்டியது. நாற்றம் தாங்க முடியவில்லை. வாங்கியவர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொண்டு வந்து போட்டார்கள். கம்பெனிகள் திவாலாகிக் கொண்டிருந்தன.

குளிரிலும் விறைக்காமல், வெயிலிலும் உருகாமல் ரப்பரைப் பக்குவப்படுத்த முடியுமா? கேள்வி குட்இயரின் மனதில் தைத்தது.

அவருக்கு ரசாயனம் தெரியாது. கையில் காசு கிடையாது. ஊர் திரும்பியதும் கடன்காரர் ஒருவர் அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்.

ஜெயிலில் பட்டறை

சிறையில் இருந்தபடியே மனைவியிடம் இரண்டு பொருள் கேட்டார். கொஞ்சம் ரப்பர். ஒரு பூரிக் கட்டை. சிறை அறையில் உட்கார்ந்து ரப்பரைப் பிசைந்தார், உருட்டினார். அவருடைய ரப்பர் ஆராய்ச்சி தொடங்கியது அங்கேதான்.

வெளியே வந்ததும் மக்னீசியா என்ற வெள்ளைப் பொடியைச் சேர்த்துப் பார்த்தார். ரப்பரின் பிசுபிசுப்பு குறைந்தது. மனைவியும் மக்களும் அடுக்களையில் உட்கார்ந்து ரப்பர் செருப்பு செய்தார்கள். கோடை வந்தது. செருப்பு குழைந்து கூழாகிவிட்டது.

பின்னர் ஒரு ரப்பர் துண்டுக்கு அழகுக்காக வெண்கலப் பூச்சுப் பூசினார். அந்தப் பூச்சைச் சுரண்டுவதற்காக நைட்ரிக் அமிலத்தை ஊற்றினார். துண்டு கறுத்துப்போனது. குப்பையில் போட்டார். சில நாள் கழித்து, அந்தத் துண்டைத் தொட்டபோது கையில் ஒட்டவில்லையே என்ற ஞாபகம் வந்தது! குப்பையைக் கிளறி எடுத்தார்.

அமிலம் நல்ல வழி காட்டியது. பணம் போட ஒருவர் முன்வந்தார். ஆனால் 1837-ல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி. பணம் போட்டவரே ஓட்டாண்டியானார். குட்இயர் குடும்பம், ஸ்டேட்டன் தீவில் பாழடைந்து கிடந்த ரப்பர் தொழிற்சாலையில் குடியிருந்தது. கடலில் மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த நாளில் அவரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. ரப்பர் கோட்டு, ரப்பர் தொப்பி, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காசு இல்லாத ரப்பர் பணப்பையோடு ஒருவர் எதிரே வந்தால் அவர்தான் குட்இயர் என்று அடையாளம் சொல்வார்களாம்.

பிறகு மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூபர்ன் என்ற ஊருக்குப் போனார். அங்கே நதானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகத்தைச் சேர்த்து வெயிலில் காய வைத்து வந்தார். அந்த உரிமையைக் குட்இயர் விலைக்கு வாங்கினார்.

அரசாங்கத் தபால் இலாகா 150 பைகள் கேட்டது. இனி கஷ்டம் தீர்ந்தது என்று மகிழ்ந்தார். பைகளைச் செய்து சூடான அறையில் தொங்கவிட்டுவிட்டு வெளியூர் போனார். வந்து பார்த்தால் கைப்பிடி இளகி, பைகள் கீழே விழுந்து கிடந்தன. மேல்தோல்தான் பக்குவப்பட்டிருந்தது. உள்ளே பழைய ரப்பரேதான்.

அடுப்பும் ஆணியும்

1839-ம் ஆண்டு. கடுங்குளிர்.

கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று, எரிகிற அடுப்பின் மேல் பட்டுவிட்டது. உருகி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை! தோலைப்போல் கருகியது. கருகிய இடத்தின் ஓரத்தில், கருகாமலும் உருகாமலும் ஒரு பகுதி இருந்தது. அதை இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கியது.

வீட்டில் இருந்தவர்களிடம் காட்டினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி எத்தனை அதிசயங்களை அவர் காட்டியிருக்கிறார்!

சூட்டைத் தாங்கிவிட்டது, சரி. குளிரை?

அந்தத் துண்டை எடுத்துப் போய் வாசல் கதவுக்கு வெளியே ஆணி அடித்து மாட்டினார். இரவெல்லாம் பனி. காலையில் எழுந்து கதவைத் திறந்தார். துண்டைத் தொட்டார். விறைக்கவில்லை. வளைத்தால் வளைந்தது.

ஐந்து ஆண்டு உழைப்புக்கு அந்தக் காலையில் பதில் கிடைத்தது. இது வெறும் தற்செயல்தானே என்று பிற்பாடு பலர் சொன்னபோது குட்இயர் ஒப்புக்கொள்ளவில்லை. தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன்பும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, ரப்பரும் இருந்தது.

பாடப் புத்தகம் ஐந்து டாலர்

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்? எவ்வளவு கந்தகம்? ஒன்றும் தெரியாது. கண்டுபிடித்த பிறகுதான் அவருடைய கொடிய வறுமை தொடங்கியது.

கிளாரிசா ரொட்டி சுட்டு எடுத்ததும் அதே அடுப்பில் ரப்பரைச் சுடுவார். கெட்டிலின் நீராவியில் காட்டுவார். சுடுமணலில் புதைப்பார். ஊர்க்காரர்கள் பாவம் பார்த்துப் பால் கொடுத்தார்கள். தங்கள் வயலில் முற்றாத உருளைக்கிழங்கைத் தோண்டிக்கொள்ளப் பிள்ளைகளை அனுமதித்தார்கள். வீட்டில் விற்க ஒன்றும் இல்லாதபோது பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை விற்றார். கிடைத்தது 5 டாலர்.

ஒரு நாள் பனிப்புயல். வீட்டில் உணவும் இல்லை, விறகும் இல்லை. எப்போதோ அன்பாகப் பேசிய ஒருவர் நினைவு வந்தது. பல மைல் பனியில் நடந்து, மயங்கி விழும் நிலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த மனிதர் உதவினார்.

இன்னொரு முறை கடன் கேட்டுப் பாஸ்டன் நகருக்குப் போனார். கடன் கிடைக்கவில்லை. தங்கிய விடுதிக்கு 5 டாலர் கொடுக்க முடியாமல் ஜெயில். வெளியே வந்து சுமார் 10 மைல் நடந்து வீடு சேர்ந்தார். புறப்பட்டபோது விளையாடிக்கொண்டிருந்த சின்னக் குழந்தை, சாகும் நிலையில் கிடந்தது.

அவருக்குப் பிறந்த 12 குழந்தைகளில் 6 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள்.

பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஒரு மனிதனுக்கு ஆராய்ச்சி தேவையா? அக்கம்பக்கத்தார் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. கிளாரிசா கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் மைத்துனர் ஒருவர் கை கொடுத்தார். அவர் கம்பளி நெசவாலை வைத்திருந்தவர். சிறுகச் சிறுக அவர் கொடுத்தது மொத்தம் 46 ஆயிரம் டாலர். குட்இயர் பக்குவத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சுமார் 270 டிகிரி பாரன்ஹீட் சூடுள்ள நீராவியில் 4 முதல் 6 மணி நேரம் வேக வைக்க வேண்டும்!

கலவையில் இருக்கிறது சூட்சுமம்

பச்சை ரப்பரின் இழைகள் நூல்கண்டுபோல ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். சூட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். கந்தகம் அவற்றுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு அளவாக இருந்தால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்தால் மரம்போல் கெட்டியாகிவிடும். அதுதான் எபோனைட். சீப்பும் பொத்தானும் பேனாவும் செய்தார்கள். அந்த வகைக்கு 1851-ல் உரிமை பெற்றவர் சார்லஸின் தம்பி நெல்சன்.

டயர் வாங்குகிறவருக்கு இந்தச் சூட்சுமம் இன்றைக்கும் தேவை. எல்லாக் காலத்துக்கும் ஒரே கலவை உதவாது. பனிச் சாலைக்கென்று முதல் லாரி டயரை 1934-ல் பின்லாந்துக்காரர்கள் செய்தார்கள். 1936-ல் காருக்கும் செய்தார்கள். குளிர்கால டயரின் ரப்பர் மிருதுவானது. உறையும் குளிரிலும் வளையும். அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் உண்டு. அவை பனியைக் கவ்வும். தரமான டயரின் பக்கத்தில், மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் முத்திரையாக இருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் வாங்க வேண்டும். இரண்டுக்கு மட்டும் மாட்டினால் பிடி இல்லாத பக்கம் வழுக்கி, வண்டியைச் சுழற்றிவிடும்.

ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரத்தையும் மாற்றுவது உண்டு. கோடைக்கு விட்டம் பெரிய சக்கரம், பட்டையான டயர். பனிக்கு விட்டத்தில் ஓர் அங்குலம் குறைந்த சக்கரம், அகலம் குறைந்த டயர். அப்போது டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும். பள்ளத்தில் அடி வாங்கினாலும் தாங்கும். ஒல்லி டயர் பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் சக்கரம் மிகவும் சிறுத்துவிடக்கூடாது. உள்ளே பிரேக்குக்கு இடம் வேண்டுமே!

புகழ் வந்தது, பணம் வரவில்லை

குட்இயருக்கு அமெரிக்காவில் உரிமைப் பட்டயம் கிடைத்தது 1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி. அதற்குள் ரப்பர்த் துண்டு மாதிரிகள் இங்கிலாந்து போய்விட்டன. தாமஸ் ஹான்காக் என்பவர் அவற்றைப் பார்த்தார். கந்தகம் சேர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். இங்கிலாந்தில் அவர் முந்திக்கொண்டார். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன். ஹான்காக்கின் நண்பர் ஒருவர் இந்த முறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

அமெரிக்காவிலும் பலர் திருட்டுத்தனமாகத் தொழில் நடத்தினார்கள். 1852-ல் பெரிய வழக்கு. குட்இயர் பக்கம் வாதாடியவர் புகழ்பெற்ற வக்கீல் டானியல் வெப்ஸ்டர். கூலி 15 ஆயிரம் டாலர். வழக்கு ஜெயித்தது. ஆனாலும் குட்இயர் தமது உரிமையைச் சொற்பத் தொகைக்கே விற்று வந்தார். வாங்கியவர்கள் லட்சாதிபதிகள் ஆனார்கள்.

வந்த பணத்தையும் கண்காட்சிகளில் கொட்டினார். 1851-ல் லண்டன் கண்காட்சியில் மேஜை, நாற்காலி எல்லாமே ரப்பரால் செய்து வைத்தார். 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைவிடப் பெரிதாக வைத்தார். பிரான்சில் அவருடைய உரிமை ரத்தானது. வரவேண்டிய பணம் வரவில்லை. மறுபடி ஜெயில்! பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் வழங்கிய லீஜன் ஆப் ஹானர் பதக்கம், கடன்காரர் சிறையில் இருந்த குட்இயரிடம் வந்து சேர்ந்தது.

கிளாரிசா அதைப் பார்க்கவில்லை. 1853-லேயே இறந்துவிட்டார்.

1860-ம் ஆண்டு நியூஹேவனில் குட்இயரின் மகள் ஒருத்தி சாகக் கிடந்தாள். பார்க்கப் புறப்பட்டார். நியூயார்க் வரை வந்தபோது, மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி கிடைத்தது. உடல் நலிந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஜூலை 1-ந் தேதி அங்கே ஒரு ஓட்டலில் உயிர் பிரிந்தது. வயது 59. விட்டுப்போன கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

மோட்டார் கார் அப்போது கிடையாது. டன்லப் காற்றடைத்த டயர் செய்தது 1888-ல்தான். 1898-ல் அமெரிக்காவில் அக்ரன் நகரில் ஒரு டயர் கம்பெனி தொடங்கியது. அதற்குக் குட்இயர் என்று பெயர் வைத்தார்கள். அவர் குடும்பத்துக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.